சிறு உணவகங்களில் ஆள் நிற்காதது ஏன்? கூலியா, நேரமா, தங்குமிடமா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்குச் செல்லும் சாலையை ஒட்டி, என் தந்தையார் தொடங்கிய சிறிய உணவகத்தைப் பதினேழு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஒன்பது மேசைகள். காலையில் இட்லி, பொங்கல், மதியம் சாப்பாடு, மாலை ஆறு மணி முதல் பரோட்டா. இத்தொழிலில் இருப்பவர்களும் இதை விட்டு வெளியேறியவர்களும் இங்கே இருப்பதால், ஒரு விஷயத்தை விரிவாக எழுதிக் கருத்துக் கேட்க விரும்புகிறேன்.

வியாபாரம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடையைப் பூட்டியபோது, திரும்பத் திறப்போமா என்ற அச்சம் இருந்தது உண்மைதான். இன்று சனி, ஞாயிறுகளில் இடம் கிடைக்காமல் மக்கள் வாசலில் நிற்கிறார்கள். வருகிற கூட்டத்துக்குச் சமைத்துப் போட ஆள் இல்லாததுதான் என் கவலை.

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை, இருபத்தைந்து கிலோ மைதாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, உருண்டை பிடித்து எண்ணெயில் ஊற வைத்திருந்தோம். மாலை ஐந்தரை மணிக்குப் பரோட்டா மாஸ்டரின் கைப்பேசி அணைந்திருந்தது. ஏழு மணி வரை காத்திருந்தும் அவர் வரவில்லை. நானே கல்லின் முன் நின்றேன். எனக்கு மாவு வீசத் தெரியும். ஆனால் ஒருவர் நாற்பது பரோட்டா போடுகிற நேரத்தில் என்னால் பத்துக்கு மேல் போட முடியவில்லை. குடும்பத்தோடு வந்தவர்கள் எழுந்து போனார்கள். மிச்ச மாவு மறுநாள் காலையில் புளித்துப் போயிருந்தது. முன்பணமாக அவர் வாங்கியிருந்த தொகை திரும்பி வராது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பணத்தைவிட, சொல்லாமல் போய்விட்டாரே என்பதுதான் உறுத்துகிறது. கடந்த இரண்டு ஆண்டுகளில் இப்படிப் போனவர்களில் இவர் நான்காவது ஆள்.

கூலி குறைவு என்று சொல்ல முடியாது. சுற்றியுள்ள கடைகள் கொடுப்பதைத்தான் நானும் கொடுக்கிறேன். அப்படியிருந்தும் ஏன் ஆள் நிற்பதில்லை என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் மனம்விட்டுச் சொல்ல வேண்டும்.

சரக்கு மாஸ்டர்:

ஐயா, உங்கள் கடையிலிருந்து போனவர் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளில் பதினொரு கடைகளில் அடுப்படியில் நின்றவன் என்ற முறையில், அவர் ஏன் போயிருப்பார் என்று என்னால் சொல்ல முடியும்.

நீங்கள் கூலியைப் பற்றி எழுதினீர்கள். நேரத்தைப் பற்றி எழுதவில்லை. அதிகாலை நாலரை மணிக்கு அடுப்பைப் பற்ற வைக்கிற சரக்கு மாஸ்டர், காலைப் பலகாரமும் மதியச் சாம்பார், ரசமும் முடித்து இறங்கும்போது பன்னிரண்டாகிவிடும். பிறகு மாலை நான்கு மணிக்குச் சால்னா வைக்க வரவேண்டும். கடை எடுத்து வைத்துப் படுக்கும்போது இரவு பன்னிரண்டு. கணக்குப் பார்த்தால் நடுவில் நான்கு மணி நேரம் ஓய்வு. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் உசிலம்பட்டிக்கோ சிவகங்கைக்கோ வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட அறையில், மூட்டைகளுக்கு நடுவே, சித்திரை வெயிலில் படுத்துக் கிடப்பதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கடைகளில் வார விடுமுறை என்பதே கிடையாது. தங்கை வீட்டு விசேஷத்துக்கு மூன்று நாள் கேட்டால், "நீ போனால் கடையை யார் பார்ப்பது?" என்று முதலாளி கேட்பார். அவர் நிலையில் அது நியாயமான கேள்விதான். அதனால் எங்களில் பலர் கேட்பதையே விட்டுவிட்டோம். ஊருக்குப் போக வேண்டுமென்றால் கைப்பேசியை அணைத்துவிட்டுப் போவதும், திரும்பி வந்தால் வேறு கடையில் சேர்வதும் பழக்கமாகிவிட்டன. முன்பணம் அந்தப் பழக்கத்தை மேலும் கெடுக்கிறது: கடன் இருக்கிற கடைக்குத் திரும்பிப் போக எவனுக்கும் முகம் இருக்காது.

கிளைக்கணக்கு:

மாஸ்டர் எழுதியதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் 1958-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. வேலை நேரம், வார விடுமுறை, கூடுதல் நேரத்துக்குரிய ஊதியம் ஆகியவற்றை அது அன்றே பேசியிருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், வார விடுமுறையைச் சலுகையாக நினைக்கிற கடைகளே அதிகம் என்பதை, பல உணவகங்களுக்குக் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் நான் பார்த்து வருகிறேன்.

ஆனால் முதலாளிகளின் கையைக் கட்டிப்போடும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது குளிர்சாதன வசதி இல்லாத உணவகத்துக்கு 12 விழுக்காடு, உள்ள உணவகத்துக்கு 18 விழுக்காடு என்று வரி இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5 விழுக்காடு என்று குறைத்தார்கள்; அதோடு உள்ளீட்டு வரி வரவையும், அதாவது வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியையும், எடுத்துவிட்டார்கள். சாப்பிடுகிறவருக்குக் குறைந்தது உண்மை. ஆனால் உணவகம் வாங்கும் 19 கிலோ வணிக சிலிண்டருக்கு 18 விழுக்காடு, குளிர்பதனப் பெட்டிக்கு 18, மாவு அரைவை இயந்திரத்துக்கு உரிய வரி என்று கட்டுகிற எதையும் கழித்துக்கொள்ள முடியாது. அவை அப்படியே செலவில் ஏறும். 2024 அக்டோபர் 10 முதல் வாடகையும் இதில் சேர்ந்தது: கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு பெறாதவராக இருந்தால், பதிவு பெற்ற வாடகைதாரரே வணிகக் கட்டட வாடகைக்கு 18 விழுக்காடு கட்ட வேண்டும் என்றானது. சிறு வணிகர்களுக்கான எளிய வரிமுறையான இணக்கத் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பின்னர் விலக்கு அளித்தார்கள். வழக்கமான முறையில் பதிவு செய்தவர்களுக்கு அந்தச் சுமை நிற்கிறது.

உணவு விநியோகச் செயலி வழி விற்பனையின் கணக்கு இதைவிடக் கடினம். நூறு ரூபாய்ப் பண்டத்துக்குக் கால் பங்கு தரகு என்று வைத்துக்கொண்டால் 25 ரூபாய் போகும்; அந்தத் தரகின் மீது 18 விழுக்காடு வரி, நாலரை ரூபாய். கைக்கு வருவது எழுபதரை ரூபாய். அதிலிருந்துதான் அரிசி, எண்ணெய், கூலி, வாடகை, டப்பா எல்லாம் போக வேண்டும். 2025 ஜூலையில் நாமக்கல் உணவக உரிமையாளர்கள் ஒன்றுகூடிச் செயலிகளுக்கு உணவு கொடுப்பதை நிறுத்தியதற்கு இந்தக் கணக்கே காரணம்.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. மாஸ்டர் எழுதிய தகரக் கூரை அறையை வாசித்தபோது மனம் சங்கடப்பட்டது. என் கடையின் மேலும் அப்படி ஓர் அறை இருக்கிறது. அதற்கு ஒரு மின்விசிறியும் ஒரு சன்னலும் உண்டு என்பதைத் தவிர அவர் சொன்னதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

விலையை ஏற்றிக் கூலியையும் வசதியையும் கூட்டலாமே என்று கேட்பீர்கள். இட்லிக்கு ஒரு ரூபாய் கூட்டினால்கூட, தினமும் வருகிற ஆட்டோ ஓட்டுநர் இரண்டு இட்லியைக் குறைத்துக்கொள்கிறார். நான் கண்ணால் பார்க்கிறேன். பொருள்களின் விலையோ நம்மைக் கேட்டு ஏறுவதில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது இரண்டு வாரம் தக்காளிச் சட்னியை நிறுத்தினேன். 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை உயர்த்தியபோது, பரோட்டாக் கடைகளுக்கு அது நேரடியாக விழுந்த அடி. மறு ஆண்டு மே இறுதியில் கச்சா எண்ணெய் வகைகளுக்கு அதைக் குறைத்தார்கள் என்றாலும், இடைப்பட்ட எட்டு மாத இழப்பை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் பீகாரையும் ஒடிசாவையும் சேர்ந்த ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் மேசை துடைக்க வந்து, மூன்று ஆண்டுகளில் தோசைக் கல்லுக்கு உயர்ந்திருக்கிறார். அவர் ஊற்றும் நெய் ரோஸ்ட்டுக்கென்றே வருகிறவர்கள் உண்டு. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, இரவு பதினொரு மணிக்கு அவருடைய தாயார் தொலைபேசியில் அழுததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். என் கடையைக் காணொளியில் காட்டி, நானும் இரண்டு வார்த்தை பேசிய பிறகுதான் அந்த அம்மாவுக்கு மனம் ஆறியது. இவர்கள் நம் ஆட்களின் வேலையைப் பறிக்கிறார்கள் என்று பேசுகிறவர்கள், ஒரு வாரம் என் கடையில் வேலைக்கு ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கப்பல் சமையற்காரர்:

ஆள் இல்லை என்பதை நான் முழுமையாக ஏற்கவில்லை. சென்னை தரமணியில் மத்திய அரசின் உணவக மேலாண்மை நிறுவனம் 1960-களிலிருந்து இயங்கி வருகிறது. திருச்சி துவாக்குடியில் மாநில நிறுவனம் இருக்கிறது. தனியார் கல்லூரிகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆண்டுதோறும் படித்து வெளியே வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். இப்போது சுற்றுலாக் கப்பலில் வேலை செய்கிறேன்.

என் வகுப்பில் படித்தவர்களில் ஒருவர்கூட வைகைக்கரை ஐயாவின் கடை போன்ற ஓர் இடத்தில் சேரவில்லை. ஐந்து நட்சத்திர விடுதியில் பயிற்சியாளராகச் சேர்ந்து, ஓராண்டில் துபாய்க்கோ தோகாவுக்கோ கப்பலுக்கோ போய்விடுவதுதான் வழக்கமான பாதை. பணம் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கப்பலிலும் நாள் ஒன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்கிறோம். பல மாதங்கள் கரை காண்பதில்லை. அங்கே என் வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும், எந்தத் தேதியில் ஊருக்குப் போவேன், அடுத்த படி என்ன என்பது தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இங்கே எல்லாம் வாய்ப்பேச்சு. பெண் பார்க்கப் போன இடத்தில் "ஓட்டலில் வேலை" என்று சொல்லக் கூசுகிற நிலை இருக்கும்வரை, படித்தவர் இந்தப் பக்கம் வரமாட்டார்.

நம் பாடத்திட்டத்திலும் குறை இருக்கிறது. பிரெஞ்சுக் குழம்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். ஈர அரைவை இயந்திரத்தில் உளுந்து எந்தப் பதத்தில் பொங்கும், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதை என் பாட்டியிடம்தான் கற்றேன்.

பூம்பாறை வழி:

கொடைக்கானலில் பன்னிரண்டு அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறேன். உணவகத்தைப் பற்றித்தான் இந்த விவாதம் என்றாலும், மலையில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள், நீலகிரிக்கு 6,000, 8,000. வணிகர்கள் பலர் எதிர்த்தார்கள், கடையடைப்பும் நடந்தது. முதல் கோடையில் நானும் எதிர்த்தவன்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில், மே மாத ஞாயிற்றுக்கிழமை வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து ஏரி வரை வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். வந்தவர்கள் பாதி விடுமுறையைச் சாலையிலேயே கழித்துவிட்டு, இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் விடுதிக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. ஊருக்கு உள்ள தண்ணீரும் குப்பைக் கிடங்கும் எத்தனை பேருக்குத் தாங்கும் என்று கேட்காமல் கூட்டத்தை மட்டும் வளர்ச்சியாக எண்ணுவது, எங்கள் பிழைப்பையே கெடுத்துக்கொள்வதாகும் என்று இன்று நினைக்கிறேன்.

அறை வாடகைக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 12-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. விருந்தினருக்கு நல்லது, ஆனால் கிளைக்கணக்கு அவர்கள் உணவகத்துக்குச் சொன்னதைப் போலவே, இங்கும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது.

மாஸ்டர் சொன்ன தங்குமிடம் பற்றி ஒரு செய்தி. விருந்தினரை அழைத்து வரும் ஓட்டுநர்கள் மலைக் குளிரில் காரிலேயே முடங்கிக் கிடப்பதைப் பல ஆண்டுகள் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விடுதிகளில் ஓட்டுநர்களுக்கு ஓய்விடம் வேண்டும் என்று சேர்த்தது. நான் வாகன நிறுத்தத்தை ஒட்டிய பொருள் வைப்பறையைக் காலிசெய்து, நான்கு கட்டில், கம்பளி, வெந்நீர்க் குளியலறை அமைத்தேன். அதன் பிறகு மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வரும் ஓட்டுநர்கள், விருந்தினர்களை அவர்களாகவே என் விடுதிக்கு அழைத்து வருகிறார்கள்.

நான்மாடம்:

மதுரையில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். உள்நாட்டுச் சுற்றுலா வருகையில் 2023-இல் தமிழ்நாடு 28 கோடியைத் தாண்டி, உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்தில் நின்றது. அந்த எண்ணில் பெரும்பகுதி கோயிலுக்கு வருகிறவர்கள். அவர்கள் விடியற்காலையில் மீனாட்சியம்மன் கோயிலில் இறங்கி, மதியம் இராமேசுவரத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். இட்லி விற்கும்; அறை நிரம்பாது.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தபின், குழுக்களை ஒரு நாள் கூடுதலாகத் தங்கச் சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. ஆனாலும் பெண்கள் முதலில் கேட்பது சுத்தமான கழிப்பறையைத்தான். அதைச் சொல்ல முடியாமல் நான் தடுமாறுவதுண்டு. ஓர் உணவகத்தை நான் பரிந்துரைப்பதற்கு அதன் குழம்பைவிட அதன் கழிப்பறையே காரணமாக இருந்திருக்கிறது என்பதை உணவகக்காரர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பந்திப்பாய்:

திருமணச் சமையல் ஒப்பந்தம் எடுத்து நடத்தும் பெண் நான். இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் "ஆள்" என்று ஆண்களையே மனத்தில் வைத்து எழுதுகிறீர்கள். என் குழுவில் காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, பாத்திரம் கழுவுவது என அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேலையைப் பெண்கள்தான் செய்கிறார்கள். ஆனால் கரண்டி பிடிக்கிறவருக்குத்தான் மாஸ்டர் கூலி. வீட்டில் நாற்பது ஆண்டுகள் சமைத்த கைகளை மண்டபத்தில் நறுக்குப் பலகைக்கு மேல் உயர்த்த மறுத்துவிட்டு, மாஸ்டர் கிடைக்கவில்லை என்று தொழில் முழுக்கப் புலம்புகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கூட்டு வைக்கும் பொறுப்பை ஐம்பது வயது அம்மா ஒருவரிடம் கொடுத்தேன். ஐந்நூறு இலைக்குப் புடலங்காய்க் கூட்டு, உப்பு பிசகவில்லை. இப்போது மூன்று பெண்கள் அண்டா வைக்கிறார்கள். அவர்கள் வைத்த நிபந்தனைகள் இரண்டுதான்: வேலை முடியும் நேரத்தை முன்பே சொல்ல வேண்டும் என்பதும், இரவில் வீடு சேர வண்டி வேண்டும் என்பதும். வைகைக்கரை அண்ணன் காலை வேளைக்கு மட்டும், நான்கு மணி முதல் பதினொன்று வரை, பக்கத்துத் தெருப் பெண்களை எடுத்துப் பார்க்கலாம். தங்குமிடமே தேவைப்படாது.

சரக்கு மாஸ்டர்:

அந்த அம்மா சொன்னதை நான் வழிமொழிகிறேன். என் மனைவி வைக்கும் வத்தக்குழம்பு பக்குவம் எனக்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் பெண்களை அடுப்படிக்குக் கூப்பிடுவதற்கு முன் அடுப்படியைச் சரிசெய்யுங்கள். பல கடைகளில் புகை இழுக்கும் விசிறி கல்லுக்கு எதிர்ச் சுவரில் இருக்கும்; புகை மாஸ்டரின் முகத்தைக் கடந்துதான் வெளியே போகும். கல்லுக்கு நேர் மேலே கூண்டு வைத்து இழுக்க வேண்டும். நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு, கை எட்டும் தூரத்தில் குடிதண்ணீர், வேலை இல்லாதபோது உட்கார ஒரு முக்காலி. இவை ஒரு மாத முன்பணத்தைவிடக் குறைந்த செலவு. என் கால் நரம்புகள் சுருண்டு புடைத்திருப்பதற்குச் சிமென்ட் தரையில் நின்ற ஆண்டுகளே காரணம் என்று மருத்துவர் சொன்னார்.

வைகைக்கரை:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். இடையில் நீங்கள் சொன்னவற்றில் முடிந்ததைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன்.

கல்லுக்கு மேல் கூண்டு அமைக்கத் தகர வேலைக்காரர் வந்து அளவெடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை மதியத்தோடு கடையை அடைப்பது என்று முடிவெடுத்து, வாசலில் பலகை வைத்தேன். முதல் செவ்வாய் மாலையில் வழக்கமாக வருகிறவர்களில் சிலர் வருத்தப்பட்டார்கள். இழப்பு எவ்வளவு என்று மாத முடிவில்தான் தெரியும். மற்றவர்களுக்கு வாரம் ஒருநாள் முறைவைத்து விடுமுறை கொடுக்க, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அட்டவணை ஒட்டியிருக்கிறேன். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் காலை வேளைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் வைத்த சட்னியை என் தாயார் சாப்பிட்டுவிட்டு, யார் வைத்தது என்று கேட்டனுப்பினார்.

தகரக் கூரை அறையில் இனி யாரும் படுப்பதில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டைப் பேசி முடித்தேன். வாடகை கனமாகத்தான் இருக்கிறது. அதற்காகச் செயலி வழி விற்பனையைப் பரோட்டாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, காலைப் பலகாரத்தை அதிலிருந்து எடுத்துவிட்டேன்.

போன மாஸ்டரின் எண்ணுக்கு நேற்று ஒரு குரல் செய்தி அனுப்பினேன். முன்பணத்தைப் பற்றி அதில் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை பாதி நாள் விடுமுறை என்பதையும், வீடு பார்த்திருப்பதையும் மட்டும் சொன்னேன். இன்று மதியம் வரை அவர் அதைக் கேட்டதாகக் காட்டவில்லை.